பக்கத்து வீட்டுக் குரல்

ஜூலை 8, செவ்வாய்
தூறல். ஓசூரே ஃப்ரிட்ஜுக்குள். வரலாற்று புராஜெக்ட்: வீட்டில் அடிபட்ட பெண்களுக்கு இந்தப் பக்கம் முதலில் இடம் கொடுத்தது யார்? டீச்சர் போர்டில் 'புகலிடம்' என்று எழுதினார். "சிப்காட்ல எல்லாமே புகையிடம்தானே டீச்சர்?" என்றேன். வகுப்பே சிரித்தது. தலைப்பு என் தலையில்.

மதியம் வகுப்பில் என் மிமிக்ரி. எங்கள் பக்கத்து போர்ஷன் முருகேசன் அண்ணன், சுமதி அக்கா சண்டை. "யோவ் விடுய்யா, புள்ள பாக்குது!" ஒன்ஸ்மோர் கேட்டார்கள். செய்தேன்.

ஜூலை 10, வியாழன்
பஸ்ஸில் தொங்கல். சரோஜா மேடம் வீடு. அந்த முதல் இல்லத்தை நடத்தியவர். புருஷன்கள் தேடி வராமலிருக்க வாசலில் 'தையல் வகுப்பு' என்று போர்டாம்.
"தையல்னா பொண்ணுன்னும் அர்த்தம் மேடம். பொருத்தம்தான்."
"அவ்ளோ தமிழ் எங்களுக்கு ஏது கண்ணு? பழைய மிஷின் ஒண்ணு கெடந்துச்சு, அதான்."

முதலில் வந்தவர் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் வேலை செய்தவர். சாட்சி கேட்டு மேடம் அவர் தெருவுக்கே போனாராம். "ஒருத்தரும் வாயத் தொறக்கல. எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்கன்னுட்டாங்க. நடுவுல ஒரே செவுரு!"

எழுதிக்கொண்டே வந்த கை நின்றது. எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். சத்தம் வந்தால் அப்பா டிவி வால்யூமைக் கூட்டுவார். நான் வசனத்தை மனப்பாடம் செய்வேன்.

ஜூலை 12, சனி
வெயில். மொட்டை மாடியில் துணி. சுமதி அக்காவும் வந்தார்.
"ஸ்கூல்ல என்னைய மாதிரியே பேசறியாமே. எம்பையன் சொன்னான்."
"சும்மா தமாசுக்குக்கா..."
"திட்டல. அப்ப, உங்க வூட்டுக்குக் கேக்குதா?"
தலையாட்டினேன்.
"நல்லாவா?"
"ம்."
"கேக்கலபோல, அதான் யாரும் வரலன்னு நெனச்சிட்டிருந்தேன்."
பக்கெட்டோடு இறங்கிப் போய்விட்டார்.

அந்தத் தெருக்காரர்கள் காதை மூடிக்கொண்டார்கள். நான் கைதட்டல் வாங்கினேன். த்தூ.

ஜூலை 13, ஞாயிறு
மூட்டம். மத்தியானம், கறிக்குழம்பு நேரம், பக்கத்தில் ஆரம்பித்தது. ஏதோ உடைந்தது. பையன் அழுகை. எழுந்தேன்.
"ஏய், எங்கடி போற? அவங்க வூட்டு வெசயம்" என்றாள் அம்மா. ஆனால் பின்னாலேயே வந்தாள்.
கதவைத் தட்டினேன். உள்ளே சட்டென்று அமைதி. முருகேசன் அண்ணன் திறந்தார். வேர்வை. "என்ன?"
அவர் தோளுக்குப் பின்னால் சுமதி அக்கா.
"கேக்குதுண்ணா" என்றேன்.