அசல் ஹேண்டில்

மதுரை
6.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியா எழுதுவது. நான், உங்கள் மாப்பிள்ளை ஆனந்த்சங்கர், காவியா மூவரும் நலம். மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் கேட்டிருப்பேன். ஆனால் பழைய கார்களின் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டோ எடுத்து, அசலா என்று கேட்டு அனுப்புகிறவர்களிடம், “போட்டோல அளவு தெரியாது வே, தாள்ல வச்சு பென்சிலால வரைஞ்சு தபால்ல அனுப்பும்” என்று நீங்கள் சொல்லிவிடுவதாக மதினி சிரித்தார்கள். அதனால் நானும் அப்பா கார் ஹேண்டிலின் இருபக்க முனையையும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி கோயம்புத்தூரில் பழைய கார்களின் கண்காட்சி. அப்பாவின் காரைக் கொண்டுபோகிறேன். நடுவர்கள் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து அசலா என்று கேட்பார்களாம். மற்றதெல்லாம் 1932இல் காரோடு வந்தவை என்று எனக்கே தெரியும். ஹேண்டில் மட்டும், அப்பாவுக்குப் பிறகு கார் என்னிடம் வந்தபோது, கூட வரவில்லை. மூன்று மாதம் கழித்து, மச்சில் கிடைத்தது என்று நீங்கள்தான் பார்சலில் அனுப்பினீர்கள். அது நம் காருடையதுதானா? பெங்களூரிலிருந்தெல்லாம் உங்களைத் தேடி வந்து ஹேண்டில் காட்டிக் கேட்கிறார்கள். தங்கச்சிக்குச் சொல்ல மாட்டீர்களா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அப்பா உயிலில் காரை எனக்கு எழுதியதில் உங்களுக்கு வருத்தம் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவின் டிரைவர் தங்கப்பழத்தையும் காரோடு அனுப்பி வைத்தீர்கள். அந்தப் பெரிய மனது எனக்கு இருந்திருக்காது.

அன்புடன்,
தங்கை லட்சுமிப்ரியா


சங்கரன்கோவில்
13.5.2024

அன்புத் தங்கை பிரியாவுக்கு,

அண்ணன் குற்றாலிங்கம் எழுதுவது. எல்லோரும் சுகம். கரண்ட் போய்ப் பின் தெருவில் தறிகள் அடங்கியிருக்கின்றன. கடையிலும் ஆள் இல்லை. இப்போதுதான் எழுத முடிந்தது.

அசல் ஹேண்டில் ஒரே இரும்பைக் காய்ச்சி அடித்து வளைத்தது. வளைவில் ஒட்டு இருக்காது. போலியில் வெல்டிங்கை அரம் போட்டு மறைத்திருப்பார்கள், நகத்தால் தடவினால் தட்டும். அசலில் எண் புடைத்து நிற்கும், போலியில் பள்ளமாகக் குத்தியிருக்கும். பம்பர்த் துளைக்குள் சுற்றுகிற இடம் மோதிரம் போட்ட விரல்போல் தேய்ந்திருக்க வேண்டும். பூச்சு கறுப்பு பெயிண்ட்தான். குரோமியம் மின்னினால் யாரோ பிறகு செய்தது.

உன்னுடையதைப் பார்சலில் அனுப்பும்போதே பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. அசல்தான். நடுவர் கேட்டால் என் பெயரைச் சொல்.

நீ வரைந்து அனுப்பியதில் ஹேண்டில் முனையின் பல்லையும் பார்த்தேன். செல்ஃப் ஸ்டார்ட்டர் இருக்கும்போது ஹேண்டிலை ஏன் தொடப்போகிறாய். காட்சிக்கு வைத்துக்கொள், போதும்.

அன்புடன்,
அண்ணன் குற்றாலிங்கம்


மதுரை
19.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சொல்லச் சொல்லக் காவியா எழுதுகிறாள்.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மதினிதான் எடுத்தார்கள். மதினி இரண்டு பஸ் மாறி வந்து பார்த்துவிட்டும் போனார்கள். நீங்கள் வரவில்லை. கடையில் வேலை என்றார்கள். இருக்கட்டும்.

கோயம்புத்தூரில் நடந்ததை முழுக்கச் சொல்லி விடுகிறேன். நடுவர்கள் ஹேண்டிலைக் கையில் வாங்கிப் பார்த்து, உங்கள் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார்கள். ஒருவர், “இதால ஸ்டார்ட் பண்ணிக் காட்ட முடியுமாம்மா?” என்றார். அப்பா எனக்குப் பழக்கிக் கொடுத்ததுதானே. தங்கப்பழம் உள்ளே உட்கார்ந்தார். நான் ஹேண்டிலைப் போட்டு இழுத்தேன். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஹேண்டில் மட்டும் வெளியே வரவில்லை. என்ஜினோடு சேர்ந்து சுற்றி, அடுத்த சுற்றில் என் மணிக்கட்டில் அடித்தது. இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள்.

ஹேண்டில் போடும்முன் இறக்க வேண்டிய, ஸ்டியரிங்கில் இருக்கும் டைமிங் லீவரைத் தங்கப்பழம் கீழே இறக்காமல் விட்டதுதான் காரணம் என்று மாப்பிள்ளை அங்கேயே எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். மறுநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். தங்கப்பழம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கிளினிக்கைப் பூட்டியிருக்கிறோம். வலது கை இல்லாமல் பல் பிடுங்க முடியாது. விரல்கள் பழையபடி மடங்குமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம்.

நேரம் கிடைத்தால் வாருங்கள்.

லட்சுமிப்ரியா
(எழுதியது காவியா. மாமா, அம்மா தினமும் உங்களைக் கேட்கிறாள்.)


சங்கரன்கோவில்
5.7.2024

பிரியா,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். இதைக் காவியாவைப் படிக்கச் சொல்லாதே.

உன்னிடம் இருப்பது அப்பாவின் ஹேண்டில் இல்லை. அசல் இங்கே என் கடையில், பீரோவுக்குள் இருக்கிறது.

காரை உனக்குக் கொடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லைதான். கார் புறப்படுவதற்கு முதல் நாள் ஹேண்டிலை எடுத்து வைத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா எழுதிவிட்டாரே என்று இருந்தது. நீ ஹேண்டில் எங்கே என்று கேட்டதும் இங்கே ஒரு லேத் பட்டறையில் அதேபோல் ஒன்று செய்தேன். போலியை எங்கே பிடிப்பேன் என்று எனக்குத் தெரியுமே, அந்த இடங்களையெல்லாம் சரி செய்தேன். வளைவில் ஒட்டு வராமல் காய்ச்சி அடிக்கச் சொன்னேன். பாக எண்ணைப் பித்தளை வைத்துப் புடைக்கச் செய்து, கறுப்பு அடித்தேன். தேய்மானத்தை என் கையாலேயே உப்புத்தாளால் தேய்த்தேன்.

முனையில் இருக்கும் இரண்டு பல்லுக்கும் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். நேர்ப்பக்கம் என்ஜினைச் சுற்றும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் சரிவுதான் ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும். பட்டறைக்காரர் இரண்டு பக்கமும் நேராக வெட்டிவிட்டார். நான் அப்போதே பார்த்தேன். செல்ஃப் இருக்கிறது, எங்கே போடப்போகிறாள் என்று பார்சல் கட்டினேன். நீ பென்சிலால் வரைந்து அனுப்பியபோது இரண்டாம் முறையாகப் பார்த்தேன். அப்போதும் அசல்தான் என்று எழுதினேன்.

லீவரை இறக்காமல் டைமிங் முந்தியிருந்தால் ஹேண்டில் பின்னால் உதைக்கும். உன் ஹேண்டில் என்ஜினோடு சேர்ந்து சுற்றியது என்று எழுதியிருக்கிறாய், அதாவது முன்பக்கமாக. அந்த வரியைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கப்பழம் மேல் தவறே இல்லை. தெரிந்தும் பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. உன் மதினிக்கும் சொல்லவில்லை. உன்னை வந்து பார்க்காததற்கும் போனுக்கு வராததற்கும் காரணம் இதுதான். கடையில் வேலை ஒன்றும் இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

குற்றாலிங்கம்


மதுரை
15.7.2024

அண்ணனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். அதிகம் எழுத முடியாது.

படித்தேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் எழுதியதைத் தங்கப்பழத்திடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

லட்சுமிப்ரியா


சங்கரன்கோவில்
28.7.2024

பிரியா,

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த மறுநாள் தங்கப்பழத்தின் ஊரான பனவடலிசத்திரம் போனேன். திருவிழாவைச் சாக்கு வைத்து நான் தள்ளிப்போட்ட நாட்களும் அதில் உண்டு.

தங்கப்பழம் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் வண்டி ஓட்டக் கூப்பிடுவதில்லையாம். முதலாளியம்மா கையை ஒடித்தவன் என்று ஊரில் பெயர். எழுந்து வேட்டியை இறக்கிவிட்டு, “வாங்க அண்ணாச்சி, டாக்டரம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். காயிலைக் கையில் வைத்தபடியே கேட்டார். நான் முடித்ததும், “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய, அண்ணாச்சி? நான் செய்யலைன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்குல்லா தெரியணும். சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடைல ஆளு இருக்கும். அங்கன வந்து சொல்லுங்க” என்றார்.

போனேன். பதினைந்து பேர் இருப்பார்கள். நின்றுகொண்டே சொன்னேன். போலி ஹேண்டில் நான் செய்தது, அசல் என்று பொய் சொன்னது நான், இவர் மேல் ஒரு தப்பும் கிடையாது என்று. ஒரு பெரியவர், “நீரு ராமசாமிப் பிள்ளை மகன்தானவே? இப்படியும் செய்வீரா?” என்றார். ஆமாம் என்றேன். தங்கப்பழத்தின் மனைவி மாரித்தாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். தங்கப்பழம் வரவில்லை என்றார். பஸ் ஏற்றிவிட வந்தவர், “லீவரு விஷயத்த உங்க தங்கச்சிட்டக் கேளுங்க. நான் சொல்ல மாட்டேன்” என்றார். எனக்கு விளங்கவில்லை.

அசலைத் தனியே பார்சலில் போட்டிருக்கிறேன். இப்போது மதினிக்கும் எல்லாம் தெரியும். நான்கு நாளாக என்னோடு பேசவில்லை.

குற்றாலிங்கம்


மதுரை
2.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. இதையும் இடது கையால்தான், விட்டு விட்டு எழுதுகிறேன்.

லீவர் விஷயத்தைச் சொல்கிறேன். அன்றைக்குத் தங்கப்பழம் அதைத் தொடவே இல்லை. உள்ளே உட்காரும்போதே, “லீவரை இறக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். நான் இறக்கிவிட்டேன் என்று சொன்னேன். நடுவர்கள் பார்க்கிறார்கள் என்ற அவசரத்தில் சொன்னது. உண்மையில் இறக்கினேனா என்று எனக்கு நினைவில்லை. கை முறிந்து தரையில் கிடந்தபோது, இறக்கவில்லை, என்னால்தான் இது என்றே நினைத்தேன். மாப்பிள்ளை அவரைத் திட்டத் தொடங்கியதும் தங்கப்பழம் என் முகத்தைப் பார்த்தார். நான் வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு காவியாவிடம் சொல்லி எழுத வைத்த கடிதத்திலும் இதை மறைத்து, மாப்பிள்ளை சொன்னதையே சொன்னேன். என் மகள் கையால் எழுத வைத்தேன், அண்ணா.

ஹேண்டில் போலி என்று உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை. அப்பாடா, காரணம் நான் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. உங்களைப் போகச் சொன்னேனே, நான் போகவில்லை.

நேற்று மாப்பிள்ளையிடமும் காவியாவிடமும் சொல்லிவிட்டேன்.

பதினொன்றாம் தேதி ஞாயிறு, காலைச் செங்கோட்டை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். அங்கிருந்து பனவடலிசத்திரத்துக்கு பஸ்ஸில் சேர்ந்தே போவோம். வழியில் எனக்கு ஆறுதலாக எதுவும் சொல்லாதீர்கள். அதே டீக்கடைக்குப் போக வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், பேசப்போவது நான்.

உங்கள் தங்கை,
பிரியா