இடது தோளில் காயம்

சிவமயம்
வல்வெட்டித்துறை
8.7.1962

அன்புள்ள எட்வேர்டுக்கு நடராசா எழுதுவது,

நானும் மகாதேவியும் பிள்ளைகளும் சுகம். நீரும் வினிபிரட் தங்கச்சியும் சுகமாயிருப்பீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உமது கணக்குப் பாடத்தில் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மானிப்பாய் ஒன்றும் தூரமில்லை. நேரே வந்து கேட்டால் உமது முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

என் கடற்படைச் சேவைப் பதிவின் பிரதி வேண்டுமென்று இலண்டனுக்கு எழுதியிருந்தேன். போன கிழமை வந்தது. இங்கிலிஷ் என்றபடியால் மூத்தவள் குணலட்சுமியிடம் கொடுத்து, உரத்து வாசி பிள்ளை என்றேன். ஊர் ஆட்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தியிருந்தேன், எல்லாம் பெருமைக்குத்தான். வாசித்தாள். லீவு முடிந்தும் பத்தொன்பது நாள் திரும்பி வராதவர். பதினாலு நாள் சிறை மறியல். போர்ப் பதக்கம் எதுவும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, நீங்கள் எங்கை ஓடிப் போனனீங்கள்?" என்று கேட்டாள். 

எங்கே போனேன் என்று உமக்குத் தெரியும். நாற்பத்துநாலாம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள், திருக்கோணமலை. என் சிவராத்திரிக்கும் கந்தசஷ்டிக்கும் நீர் என் காவலைப் பார்ப்பீர், உமது நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் நான் உம்முடையதைப் பார்ப்பேன் என்பது எங்கள் ஏற்பாடு. அந்த முறை என் லீவுத் துண்டோடு நீர் வீட்டுக்குப் போனீர். இரண்டு நாளில் நீர் திரும்ப, மிச்ச லீவுக்கு நான் போய்ப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பது என்று பேச்சு. உமது பெயரைக் கூப்பிட நான் பதில் சொன்னேன். அன்று வந்த புது வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் எல்லோருடைய முகமும் ஒன்றுதான். விடியக் கப்பல் பர்மாப் பக்கம் அக்கியாப்புக்கு வெளிக்கிட்டது. குண்டு விழ விழக் கடலில் கண்ணிவெடி வாரினோம். இரும்புத் துண்டொன்று என் தோளைக் கிழித்தது. உமது பதிவில் 'இடது தோளில் காயம்' என்று எழுதி, உமக்குப் பர்மா நட்சத்திரப் பதக்கமும் தந்தார்கள்.

திரும்பி வந்தபின் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் விசாரணை. ஒருவன் மறியலுக்குப் போனால் போதும் என்று நான்தான் அன்று சொன்னேன். அதற்காக உம்மைக் குறை சொல்லவில்லை. இப்போது யாரும் யாரையும் மறியலில் போடப்போவதில்லை. பதிவில் பிழையிருந்தால் சம்பந்தப்பட்டவரின் சத்தியக் கடதாசியோடு எழுதலாம் என்று அடியில் போட்டிருக்கிறது. நாலு வரி எழுதி, சமாதான நீதிவானிடம் கையெழுத்து வாங்கி அனுப்பும். அனுப்புவீர் என்று எனக்குத் தெரியும்.

உம்முடைய
நடராசா


மானிப்பாய்
28.7.1962

அன்பின் நடராசா,

கடிதம் கிடைத்து இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு மன்னியும். தவணைப் பரீட்சை. வினிபிரட்டுக்கு மறுபடியும் மூச்சுத் தொய்வு வந்து, இங்கத்தை ஆஸ்பத்திரி மருந்தில் இப்போது பரவாயில்லை.

நீர் கேட்பது நியாயம். என் நிலையையும் கொஞ்சம் யோசியும். ஒவ்வொரு நவம்பரும் போர் நினைவு ஆராதனையில் என்னைப் பதக்கத்தோடு முன்வரிசையில் இருத்துகிறார்கள். அதைப் பார்த்துத்தான் வினிபிரட்டின் தகப்பனார் பெண் தந்தார். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. தோளைப் பற்றிக் கேட்டபோது, தழும்பு ஆறி மறைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகையால் பதக்கத்தையே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அது உம்முடையது. தொலைந்துவிட்டது என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். இதோடு விஷயத்தை முடிப்போம்.

ஆண்டவர் உமது வீட்டாரைக் காப்பாராக.

எட்வேர்ட்


வல்வெட்டித்துறை
2.8.1962

எட்வேர்ட்,

பார்சல் வந்தது. "வடிவாய்த்தான் இருக்குது" என்றாள் மகாதேவி. நானும் சட்டையில் குத்திக் கண்ணாடியில் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கழற்றிவிட்டேன். இத்துடன் திரும்பி வருகிறது.

என்ன காணும், இது கள்ளச் சாமானா? எங்கே எடுத்தாய் என்று கேட்கிறவனுக்கு நான் என்ன சொல்ல? நடந்தது நடந்தபடி பதிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

நான் இப்போது ஒரு தோணிக்குத் தண்டையல். பதினொரு பேர் என் சொல்லைக் கேட்டுப் பாய் இழுக்கிறார்கள். பதிவை வாசித்த அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என் தோணிக்காரன் தம்பிஐயா. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் சுடுகிறது. குணலட்சுமியும் பிறகு கேட்கவில்லை. நடந்ததை நான் சொல்லலாம்; தகப்பன் வேறென்ன சொல்லுவார் என்று நினைப்பாள். மகாதேவிக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நான் வரவில்லை என்று பதினேழு வருடமாகச் சொல்லிக்காட்டுகிறவள், இப்போது பாவம் பார்த்து அதையும் விட்டுவிட்டாள்.

நீர் நல்ல மனிதன். கடதாசியை எழுதும்.

நடராசா


வல்வெட்டித்துறை
9.9.1962

எட்வேர்ட்,

ஐந்து கிழமையாக ஒரு சொல்லும் இல்லை. காற்றுக்குக் காத்திருந்து பழகியவன் நான், உமக்கும் காத்திருப்பேன். வினிபிரட் தங்கச்சிக்குத் தொய்வு எப்படி?

நடராசா


மானிப்பாய்
14.10.1962

அன்பின் நடராசா,

இத்துடன் சத்தியக் கடதாசி. இரண்டு தாள். உறையை ஒட்டவில்லை, முதலில் நீர் வாசியும்.

சமாதான நீதிவான் ஆழ்வாப்பிள்ளை, எதற்காக ஆள் மாறினீர்கள் என்று கேட்டார். நத்தார் என்று சொல்ல வாய் திறந்தேன். வேதாகமத்தில் கை வைத்திருந்தேன். சொல்ல முடியவில்லை.

நடராசா, அன்று மத்தியானமே செய்திப் பகுதி லியோன் என்னிடம் வந்து, "மச்சான், உங்கடை கப்பல் விடிய அக்கியாப்புக்குப் போகுது. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றான். அதற்குப் பிறகுதான் உம்மிடம் வந்து நத்தார் என்று கேட்டேன். உமக்குப் பிள்ளை பிறந்திருந்தபடியால் அந்த வருடம் கேட்பதில்லை என்றுதான் அதுவரை இருந்தேன். செத்துப்போவேன் என்று பயந்து உம்மை அனுப்பினேன். "அதுக்கென்ன, போயிட்டு வாரும்" என்றீர். நீர் திரும்பும்வரை இந்த வீட்டு அறைக்குள் ஒளித்திருந்து, உம்மை உயிரோடு கொண்டுவரச் சொல்லிச் செபித்தேன். உமக்காகச் செபித்தேனா எனக்காகச் செபித்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

அது முழுவதும் இரண்டாம் தாளில் இருக்கிறது. உமது பதிவைத் திருத்த முதல் தாளே போதும் என்று ஆழ்வாப்பிள்ளை சொல்கிறார். இரண்டாவதை அனுப்புவதும் விடுவதும் உமது விருப்பம்.

வினிபிரட்டிடம் சொன்னேன்.  "பதினைஞ்சு வருசம் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடி இருந்தியள்?" என்று கேட்டுவிட்டு, அளவெட்டியில் தமக்கையிடம் போய்விட்டாள். நவம்பர் பதினொராம் திகதி நினைவு ஆராதனையில் எழும்பி எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். போதகரிடம் கேட்டாயிற்று. 

எட்வேர்ட்


வல்வெட்டித்துறை
2.11.1962

எட்வேர்ட்,

வாசித்தேன். கோபம் வந்தது. அது இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மாரிக்கு முந்திய கடைசி ஓட்டம் என்று பத்து நாள் தோணியோடு போய்விட்டேன். கடலில் வைத்து உம்மை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாய் சரியில்லையென்று ஏசுகிறேனாக்கும் என்று தம்பிஐயா அதை இரண்டு தரம் இறக்கி ஏற்றினான்.

திரும்பி வர மகாதேவி சொன்னாள்: "ரெண்டாம் தாளைக் கிழிச்சுப் போடுங்கோ. உங்கடை பதக்கம் வருந்தானே. அந்த மனிசனைச் சந்தியிலை நிப்பாட்டி என்ன காணப்போறியள்?" நல்ல மனத்தோடுதான் சொன்னாள். அந்தத் தாளை எடுத்து ஒரு பக்கம் வைத்தும் பார்த்தேன். மிச்சம் வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. நத்தாருக்கு ஒருவன் மற்றவனுக்கு உதவிய கதை.

ஆனால் அந்த மாதிரி அரைக் கதை ஒன்று பதினேழு வருடம் என் பெயரில் கிடந்தது. இன்னொன்றை உமது பெயரில் எழுதி வைக்க எனக்கு மனமில்லை. அக்கியாப்பில் நான் பயப்படவில்லை என்றா நினைக்கிறீர்? நானும் பயந்தேன். எனக்கு ஓட இடம் இருக்கவில்லை, உமக்கு இருந்தது. அதைக் கையெழுத்து வைத்துச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

தம்பிஐயாவையும் கூப்பிட்டு இருத்தி, இரண்டு தாளையும் குணலட்சுமியைக் கொண்டு வாசிப்பித்தேன். முடிய முதலே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சத்தை நானே தெரிந்த இங்கிலிஷில் தட்டித் தடவி வாசித்தேன். இனி இலண்டன்காரர் ஆறுதலாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. நேற்றுத் தபாற்கந்தோரில் இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டுப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். ஒரு சொல்லும் வெட்டவில்லை.

வினிபிரட் தங்கச்சிக்கு மகாதேவி தனியாக எழுதியிருக்கிறாள். திரும்பி வருவா என்று சொல்கிறாள். எனக்குத் தெரியாது.

பதினொராம் திகதி முதல் பஸ்சில் வருகிறேன். முன்வரிசையில் உமக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வைத்திரும். உங்கள் ஆராதனையில் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று எனக்குத் தெரியாது, உம்மைப் பார்த்துச் செய்வேன். நீர் சொல்லி முடிய யார் எழும்பிப் போனாலும் நான் போக மாட்டேன். என் கோபத்தைப் பிறகு உமது வீட்டில் இருந்து கதைப்போம்.

நடராசா