ஆயுத பூஜையில் வைக்கப்பட்ட வாழைக் குப்பிகள்

அனுப்புநர்:
அ. பிச்சமுத்து,
வாழைக்கொல்லைத் தொழிலாளி,
மேலத் தெரு, லால்குடி வட்டம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு மாணவி யாழினியின் ஆய்வு "கவனக்குறைவு" என்று தள்ளப்பட்டதை மறுபடி விசாரிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டுகிறேன். வரிகள் மேலும் கீழும் போகின்றன. முதியோர் எழுத்தறிவு வகுப்பில் லிசி டீச்சரிடம் சென்ற ஆண்டுதான் எழுதக் கற்றேன். இதற்கு முன் மனு என்றால் தாலுகா ஆபீஸ் வாசலில் இருப்பவரிடம் சொல்லி எழுதி வாங்குவேன். நான் சொன்னது ஒன்றாகவும் அவர் எழுதியது ஒன்றாகவும் இருக்கும். இதை நானே எழுதுகிறேன். விஷயம் துக்கமானது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது. அதையும் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. யாழினி என் மகன் வழிப் பேத்தி. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரியின் பெயரும் அவளுடைய பதிவு எண்ணும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

2. கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து காட்ட வேண்டுமாம். அவள் திசு வளர்ப்பு எடுத்தாள். வாழைக் குருத்தில் நகக்கண் அளவு வெட்டி, கண்ணாடிக் குப்பிக்குள் கூழ் போன்ற உணவில் வைத்து, ஒன்றிலிருந்து பல கன்றுகள் வளர்ப்பது. நான் வேலை செய்யும் கொல்லையிலிருந்துதான் பூவன் கன்று கொடுத்தனுப்பினேன். குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்து, விளக்கு எரியும் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும், வெளி அழுக்கு பட்டால் கெட்டுவிடும் என்பாள். சாணியிலும் சேற்றிலும் வளர்கிற வாழைக்கு இவ்வளவு செல்லமா என்று நான் சிரித்திருக்கிறேன். ஆனியில் வைத்தது புரட்டாசியில் பச்சைப்பசேல் என்று துளிர்த்தது.

3. ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் ஆய்வகத்தில் பூஜை போட்டார்கள். ஆய்வக உதவியாளர் திரு. லக்ஷ்மிகாந்த், ஸ்ரீரங்கத்துக்காரர். கல்லூரி அலுவலகத்திலிருந்து அந்த ஆண்டுதான் ஆய்வகத்துக்கு மாற்றப்பட்டவர். ஹயக்ரீவர் படத்தின் முன்னால் கருவிகளை வைத்தபோது, பார்க்க அழகாக இருந்த என் பேத்தியின் குப்பிகளையும் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றின் பஞ்சிலும் ஈரச் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார். யாழினி வந்து பார்த்துப் பதறி, குப்பிகளை உடனே குளிர்ந்த அறைக்குள் வைக்க அனுமதி கேட்டாள். பூஜையில் வைத்ததை மறுபூஜைக்கு முன் தொடக் கூடாது, ஒன்றும் ஆகாது என்று துறைத் தலைவர் அம்மையார் மறுத்து ஆய்வகத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார். விடுமுறை முடிந்து திறந்தபோது எல்லாக் குப்பியிலும் வெள்ளைப் பூசணம். அவற்றைக் கழுவி வைக்கும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார்கள்.

நான் பூஜைக்கு விரோதி அல்ல. என் அரிவாளுக்கும் சைக்கிளுக்கும் நானும் சந்தனம் வைக்கிறவன்தான். அரிவாள் ஒரு நாள் சும்மா கிடந்தால் கெட்டுப்போகாது. உள்ளே உயிர் இருந்ததை யாரும் நினைக்கவில்லை.

4. தரம் பார்க்கும் பெரிய குழு ஒன்று கல்லூரியைப் பார்வையிட வர இருந்ததால், நடந்ததை எழுதாமல் "மாணவியின் கவனக்குறைவு" என்று பதிவு செய்தார்கள். மறுபடி தொடங்க இடம் இல்லை என்றார்கள். இப்போது ஆய்வுக்கு மதிப்பெண் இல்லை, ஹால் டிக்கெட்டும் இல்லை என்கிறார்கள். யாழினி புகார் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டாள். காரணம் கேட்டால், "லக்ஷ்மிகாந்த் சார் நல்லவரு தாத்தா, முதல் பஸ்ல வர்ற எனக்காகச் சீக்கிரமே கதவு திறந்து வைப்பாரு, சொன்னா அவரைத்தான் வேலையை விட்டு எடுப்பாங்க" என்கிறாள். கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்து மடிக்கிறாள். போனில் இருந்த வாழைப் படங்களை அழித்துவிட்டாள். திட்டினாலாவது திருப்பிப் பேசுவாள் என்று திட்டியும் பார்த்தேன்.

5. ஒருவர் பெயரை அவருக்குத் தெரியாமல் எழுத மனம் வரவில்லை. அதனால் ஸ்ரீரங்கம் போய் லக்ஷ்மிகாந்த் அவர்களைப் பார்த்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் மனைவி வேதவதி அம்மாள், "இவர் வேலை போயிட்டா நாங்க எங்கே போய் நிக்கறது, சொல்லுங்கோ" என்று கேட்டார். லக்ஷ்மிகாந்த் அவர்கள்தான், "எழுதுங்க பெரியவரே. நல்லது பண்றதா நினைச்சுப் பண்ணிட்டேன். துறைத் தலைவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன், பேசாம இருங்கன்னுட்டா. யார் கேட்டாலும் நான் சொல்றேன்" என்றார். அவர் பெயரில் உள்ள 'க்ஷ்' என்ற எழுத்து எனக்கு வராது. அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் மேலே காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே, தாங்கள் நேரில் விசாரித்து, யாழினிக்கு ஆய்வை மறுபடி செய்யவோ, செய்த வரைக்கும் மதிப்பெண் பெறவோ வழி செய்து, ஏப்ரல் தேர்வு எழுத அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். லக்ஷ்மிகாந்த் அவர்களின் வேலைக்குக் கெடுதல் வராமல் இதைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியும்படி செய்ய வேண்டுகிறேன்.

நம்பிக்கை எனக்குக் குறைவாகத்தான் இருக்கிறது ஐயா. ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்குள் தேர்வு கைவிட்டுப் போயிருந்தால் பட்டத்தைக் கேட்டு எழுத மாட்டேன். கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லை மட்டுமாவது அவள் பெயருக்கு எதிரிலிருந்து அடித்துக் கொடுங்கள் என்று எழுதுவேன்.

இடம்: லால்குடி
நாள்: 9.3.2026

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
அ. பிச்சமுத்து