பலகையில் நிற்கிறது என் பொய், மச்சான்

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் தொல்லை இல்லாமல் அங்கே நிம்மதியாக இருந்திருப்பீர்கள். அதைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம். எனக்குத் தொப்பை கூடியிருக்கிறது, கடைவாய்ப் பல் ஒன்று குறைந்திருக்கிறது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. விஷயமும் அந்த வாயைப் பற்றியதுதான்.

உலகச் சண்டையின்போது விமானம் குண்டு போட்டால் ஒளிந்துகொள்ள வெள்ளைக்காரன் புதுக்கோட்டையில் ஓர் அறை கட்டினானே, நீங்கள் ஆடிக்கு ஆடி தேங்காயோடு போவீர்களே, அதைச் சுற்றி இப்போது பூங்கா. முள்ளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். என்னைப் போன்ற தொப்பைக்காரர்கள் நடக்கத் தனிப்பாதை இருக்கிறது. கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குக் கம்பிவேலி போட்டு, பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இடிக்காதீர்கள் என்று நீங்கள் எழுதிக்கொண்டே இருந்த மனுக்கள் வீண்போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒயர்க்கூடையில் தேங்காயும் சூடமும் கொண்டுவந்திருந்தாள். வாட்ச்மேன் ஓடிவந்து, "இங்கிட்டு சூடமெல்லாம் ஏத்தக் கூடாதுங்கம்மா" என்றார். அக்கா வெளியே எடுத்த தேங்காயோடு திரும்பினாள். பலகைக்கு எதிரே நின்று எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஆங்கிலேய அதிகாரி ஒருவர் இவ்வறையில் தம் மதுப்புட்டிகளைப் புதைத்து வைத்திருந்ததாக இப்பகுதி முதியவர்கள் கூறுகின்றனர்."

மச்சான், அந்த முதியவர்கள் நான்தான்.

உங்கள் சின்ன மகள் காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? வேட்டுச் சத்தத்தோடு சீர்த்தட்டு கொண்டுவந்த தாய்மாமன் நான், கையில் மைக் வேறு. அன்றைக்குத் தாய்மாமன் என்ன கேலி பேசினாலும் சிரிக்க வேண்டியதுதான், முறை அப்படி. "எங்க மச்சான் அங்க போயி தேங்கா ஒடைக்கிறது சாமிக்குன்னு நெனச்சீங்களா? வெள்ளைக்காரன் பொதச்சு வச்ச பிராந்தி பாட்டிலுக்குங்க" என்றேன். பந்தலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் அதையே டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், பட்டிமன்ற மேடை கிடைத்த ஊரிலெல்லாம் சொன்னேன். கீரனூரில் மட்டும் மைக் கெட்டுப்போனதால் அந்த ஊர் தப்பித்தது.

அந்தச் சுவர் எழும்பும்போது ஒரு பக்கம் சரிந்து, செங்கல் சுமந்த உங்கள் பெரியப்பா கருப்பையா அடியில் மாட்டிச் செத்துப்போனார். கல்யாணம் ஆகாத ஆள். அவரைக் கும்பிட உங்கள் வீட்டை விட்டால் நாதியில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேசினேன். சிரிப்பு வருமென்றால் நான் எதைத்தான் விட்டுவைத்தேன்?

"பலகையில இருக்கது ஒன் பேச்சுதானடா" என்றாள் அக்கா.

"மச்சானும் சிரிச்சாரேக்கா."

"சிரிச்சத மட்டும்தான் நீ பாத்த. அடுத்த வருஷத்துலருந்து ஆள் நடமாட்டம் வாரதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துருவாரு. பாத்தவுகள்லாம் பாட்டில் கெடச்சுச்சான்னு கேட்டாகளாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"காதுகுத்துல பேசுனதுக்குத் தாய்மாமன்கிட்ட யாராச்சும் சண்டைக்குப் போவாகளா? எம்பொறந்தவன் வேற நீ."

இருபத்தைந்து வருஷம், மச்சான். அத்தனை ஆடியும் திருட்டுக்குப் போவதுபோலவா போய்வந்தீர்கள்? அன்றைக்கு மாலையே என் வீட்டுக்கு வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு காபி குடித்தீர்களே, எப்படி முடிந்தது?

வாட்ச்மேனிடம் போய், "இந்தப் பலகையில இருக்கது பொய்ங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"சொன்னவனே நான்தான்."

மேலும் கீழும் பார்த்தார். "இருக்கட்டுமே சார். எல்லாரும் அதப் படிச்சுச் சிரிச்சு போட்டோ எடுத்துக்கிறாங்க. மாத்தியே ஆகணும்னா எழுதிக் குடுங்க."

அக்கா தேங்காயை மறுபடியும் கூடைக்குள் வைத்தாள். இப்போது அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சட்னிக்கு எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன், மச்சான். 'பலகையில் உள்ள முதியவர் நான். சொன்னது பொய். அங்கே இறந்தவர் பெயர் கருப்பையா, செங்கல் சுமந்தவர்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்களைப் போல எத்தனை மனு எழுத வேண்டியிருக்குமோ, எழுதுகிறேன். பொய் சொன்ன ஊரிலெல்லாம் மைக்கைப் பிடித்து உண்மையையும் சொல்கிறேன். கீரனூருக்கு மட்டும் போக வேண்டியதில்லை.

வருகிற ஆடியில் அக்காவோடு நல்ல வெயில் நேரத்தில் போவேன். உள்ளே உடைக்க விடாவிட்டால் பூங்கா வாசலில் வைத்து அந்தத் தேங்காயை உடைக்கிறோம், அழுகிப்போயிருந்தால் புதுசு வாங்கி. பாட்டில் கிடைத்ததா என்று எவனாவது கேட்டால், பதில் சொல்ல இந்த முறை நான் அங்கே நிற்பேன்.

நீங்கள் ஒரு தடவைகூடத் திட்டாமல் விட்டுவிட்டுப் போன,
உங்கள் மச்சினன்