கம்பியில் ஏறிய இரைச்சல்

மார்ச் 4
உறுதியான செய்தி: எங்கள் தெருவின் மின்கம்பி வழியாகவே இப்போது இண்டர்நெட்டும் போகிறது. சொன்னது மின் நிறுவனப் பொறியாளர், என் கொழுந்தன்.
காலையில் ஹாம் ரேடியோவைப் போட்டேன். தகரத்தில் மணல் கொட்டுகிற சத்தம். அதற்கடியில் எங்கோ அண்ணன்.

மார்ச் 5
இன்றும் கிடைக்கவில்லை. புற்றுக்குக் குரல்வளையை எடுத்த பிறகு அண்ணன் பேசுவது ரேடியோவில், மோர்ஸ் தந்திக் குறியீட்டில்தான். அவன் ஊரில் மோர்ஸ் கட்டையைத் தட்டுவான், நான் இங்கே கேட்பேன். போனில் எழுதலாமே என்கிறார்கள். எழுதுகிறான்: "நலம்." "சாப்பிட்டேன்." கட்டையில்தான் இழுத்துப் பேசுவான், கிண்டலடிப்பான். அது அவன் குரல்.

மார்ச் 11
கொழுந்தன் ஆபீசுக்குப் போனேன். "அளந்து பாத்தாச்சு அண்ணி, இரைச்சலே இல்ல." எந்தத் தேதி, எந்தக் கம்பம், என்ன கருவி? முப்பது வருஷம் செய்தி எழுதியவள் கேட்கிறேன். "ஊரே பறக்குது, நீங்க இன்னும் டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு. உங்க அண்ணன போன்ல பேசச் சொல்லுங்க." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.
பேசச் சொல்வதா — யாரை? ஆஸ்பத்திரிக்கு அவனும்தானே வந்தான்! தெரிஞ்சேதான் சொன்னான், பாவி.

மார்ச் 12
பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம்.

மார்ச் 19
இரைச்சலைத் தாண்டிப் போகுமா என்று முழுச் சக்தியில் அண்ணனைக் கூப்பிட்டேன். நெட்டில் பாடம் எடுக்கும் கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் படியேறி வந்தாள்.
"அக்கா, உங்க வீட்லயும் நெட் போச்சா?"
"எங்க வீட்ல அதெல்லாம் இல்லம்மா." பொய் இல்லை.
நிறுத்தினேன். கீழே பாடம் கேட்டது. தட்டினேன். பாடம் நின்றது. என் அலை அதே கம்பியில் ஏறி அவர்கள் சிக்னலை மிதிக்கிறது. உரிமத்தை எடுத்துப் படித்தேன். அனுமதித்த சக்தியைத் தாண்டவில்லை.

மார்ச் 24
வியாழன் காலை தெருமுனையில் திறப்பு விழா. நிறுவனத் தலைவர் பெரிய திரையில் வெளியூர் அதிகாரியோடு பேசிக் காட்டுவாராம். தகவல்: டீச்சர். அவள் வகுப்பு மாலையில்தான், விசாரித்துக்கொண்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்?

மார்ச் 27
தட்டினேன். மாடி ஜன்னலில் தெருமுனை தெரிந்தது: அதிகாரி வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்தார். கொழுந்தன் வயரைப் பிடுங்கிச் செருகினான். கையை எடுத்தேன், படம் வந்தது, கைதட்டினார்கள். மறுபடி தட்டினேன்.
என்ன தட்டினேன்? "அண்ணா, கேக்குதா?" அவ்வளவுதான்.
மாலையில் வந்தான். "அண்ணி, வேணும்னே பண்ணீங்களா?"
"ஆமா தம்பி. புகார் குடுங்க. அலைவரிசைத் துறைக்காரங்க வந்து என்னையும் அளக்கட்டும், உங்களையும் அளக்கட்டும்."
கொடுக்க மாட்டான்.

மார்ச் 28
நானே கொடுத்தேன்.

ஏப்ரல் 10
துறையிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்தார்கள். நான் வரம்புக்குள். கம்பி வரம்புக்குள் இல்லை.

ஏப்ரல் 22
துறை உத்தரவு: கம்பத்து நெட் பெட்டி ஒவ்வொன்றையும் எங்கள் ஹாம் அலைவரிசையில் இரைச்சல் ஏறாதபடி அடைக்க வேண்டும். நிறுவனம் ஏணி கொடுத்து அனுப்பியது கொழுந்தனையே. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
"வெயில்ல ஏன் அண்ணி? உள்ள போங்க."
"பரவால்ல தம்பி. அவசரமே இல்ல, நிதானமா பண்ணுங்க."
தண்ணீர் கேட்டான். அரை டம்ளர் கொடுத்தேன்.
முதல் பெட்டி முடிந்ததும் உள்ளே போய் ரேடியோவைப் போட்டேன், இரைச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடியில் அண்ணன். எழுத்து பிடிபடவில்லை. ஆனால் அந்த இழுப்பு அவனுடையதுதான்.
மீதி நான்கு பெட்டி. சனிக்கிழமை கெடு. நாளை காலை வருகிறானாம். நாற்காலி வெளியிலேயே கிடக்கட்டும்.