ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து ரோஜா

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முட்டிவலியும் அவரோடு சுகமாகவே இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் அப்பா ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றாரே, அது அத்தனையும் பொய். இப்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டதால் சொல்கிறேன்.

பூங்காவில் அப்பா போட்ட முக்கோண ரோஜாப் பாத்தி உனக்குத் தெரியும், முனையில் ஒரு செடி, அடுத்த வரிசையில் இரண்டு, பிறகு மூன்று, இப்படியே நாற்பத்தொன்பதாவது வரிசையில் நாற்பத்தொன்பது. அந்த இடத்தில் சாலை வருகிறதாம். பூங்கா மேலாளர், அதுதான் நாம் ஸ்கேல் என்று பெயர் வைத்த அந்த மனிதர், வேறு பக்கம் சதுரமாக இடம் ஒதுக்கி முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து குழி வெட்ட வைத்துவிட்டார். குழி காலியா இருந்தாலும் அசிங்கம், செடி மிஞ்சினாலும் அசிங்கம், சரியா வந்தா மாத்துங்க, இல்லன்னா மொத்தத்தையும் மெஷின் விட்டு உழுதுடலாம் என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை கேட்டிருக்கிறார். அப்பா முள்ளுக்குள் புகுந்து மூன்று தடவை எண்ணினார், மூன்று தடவையும் வேறு வேறு விடை. அப்புறம் பெரிய மேதை மாதிரி, முக்கோணம் என்றால் சதுரத்தில் பாதிதானே என்று நாற்பத்தொன்பதை நாற்பத்தொன்பதால் பெருக்கிப் பாதியாக்கியிருக்கிறார், ஆயிரத்து இருநூறும் ஒரு அரையும் வந்திருக்கிறது. மதியம் என் சலவைக்கூடத்துக்கே வந்து, அரைச் செடிக்கு நான் எங்கடி போவேன், என் ரோஜாவை உழுதுட்டா வேலையை விட்டுட்டு மக வீட்டுக்குக் கிளம்பிட வேண்டியதுதான் என்றார்.

நாள் முழுக்க காலுறைக்கு ஜோடி சேர்க்கிறவள் நான், எனக்கு வேறென்ன தோன்றும். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் ஜோடி சேர்த்தேன், ஐம்பது. இரண்டாவதும் நாற்பத்தெட்டாவதும், அதுவும் ஐம்பது. இப்படி இருபத்துநாலு ஜோடி, ஆயிரத்து இருநூறு. நடுவில் ஜோடியில்லாமல் நிற்கிற வரிசையில் இருபத்தைந்து. சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் வெட்டுக்கோட்டில் நிற்கிற செடிகளும் பாதியாகிவிடும் என்பதை உன் அப்பா மறந்துவிட்டார், அவ்வளவுதான். குழிக்கணக்கு அதைவிட லேசு, முப்பத்தைந்து ஐந்தில் முடிகிற எண், முன்னால் இருக்கிற மூன்றை அதற்கு அடுத்த நாலால் பெருக்கினால் பன்னிரண்டு, பக்கத்தில் இருபத்தைந்தைப் போடு. ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து, அதே எண்! முக்கோணமாகவும் சதுரமாகவும் நிற்கிற எண்கள் ரொம்ப அபூர்வம், ஒன்றை விட்டால் முப்பத்தாறு, அதற்கப்புறம் இதுதான் என்று எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் சொன்னாள்.

நேற்று நடவு முடிந்தது. செடியும் மிஞ்சவில்லை, குழியும் மிஞ்சவில்லை. நம் ஸ்கேல் மனிதர் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு அதைச் சுருட்டிக்கொண்டு போனாராம். அப்பா நாலு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதே. விடை வந்தபோது நான் உடனே வாயைத் திறக்கவில்லை. ஒரு செடியைக் கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், பாத்தியை உழுதிருப்பார்கள், அவர் வேலையை விட்டிருப்பார், இந்நேரம் நான் உன் பக்கத்தில் இருந்திருப்பேன். ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், என்னால் முடியவில்லை பாப்பா.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. இந்த வருஷம் லீவுக்கு நீதான் வர வேண்டும்.

உன் அம்மா