பட்டியலில் உன் பெயர்

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் கற்பூரம் மணத்தது. நிரலின் புதுப் பதிப்பு ஒன்று வந்திருக்கிறது, ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று உன் பிஸ்கட் பேணியை எடுத்தேன். தொண்டைமானாற்றுக் கடற்காற்றில் உள்ளே இருக்கும் கணினிப் போர்ட்டின் உலோகக் கால்கள் கறள் பிடித்துவிடும் என்று நீ அதற்குள் கற்பூரக் கட்டி போட்டு வைப்பாய். சாமிக்கு வாங்கினதைக் களவெடுக்கிறாய் என்று உன் அப்பா பேசுவார். நீ போய் ஒரு வருடமாகிறது. கட்டி எப்போதோ கரைந்துவிட்டது. மணம் மட்டும் போகமாட்டேன் என்கிறது, சனியன்.

நாங்கள் செய்த வேலையை ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. உள்ளங்கையளவு கணினிப் போர்ட்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்ற சின்ன நிரல். அது எழும்பி, நினைவகத்தை ஆயத்தப்படுத்தி, பிறகு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கூப்பிட வேண்டும். அது சரியில்லாவிட்டால் போர்ட் வெறும் தகடு. பல நாட்டவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து நடத்தும் ஒரு லினக்ஸ் தொகுப்புக்கு அந்த நிரலைப் பொதியாகக் கட்டிக் கொடுத்தோம், உடுவிலில் நானும் தொண்டைமானாற்றில் நீயும். என் அம்மா கேட்பவர்களுக்கெல்லாம், இரண்டு பெட்டையளும் கொம்பியூட்டர் திருத்துகிறார்கள் என்று சொல்லி ஆளை விடுவார்.

பொதிக்குள் ஒரு பட்டியல் உண்டு. வரிக்கு ஒரு போர்ட். பக்கத்தில், அந்தப் போர்ட்டைக் கையில் வைத்திருந்து ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ஏற்றிப் பார்ப்பவரின் பெயர். பார்க்க ஆளில்லாத போர்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். உன் பெயர் ஒரேயொரு வரியில் இருந்தது. பழைய போர்ட், இப்போது எங்கும் வாங்க முடியாது.

ஒருமுறை ஒரு சிறு திருத்தம் வந்தது. உங்கள் பக்கம் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. இதற்கெல்லாம் ஏற்றிப் பார்க்கத் தேவையில்லை, அனுப்பிவிடுகிறேன் என்றேன். நீ தொலைபேசியில் சத்தமே போடாமல் சொன்னாய்:

"கையில வைச்சுப் பாக்காமல் என்ரை பேரைப் போடாதை."

பிறகு சந்நிதி கோயில் மடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, அன்னதானத்துக்கு வந்த சனத்துக்கு நடுவில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு ஏற்றிப் பார்த்தாய். சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒருவர், பிள்ளை சாதகம் பார்க்குதோ என்று கேட்டாராம். நான் சிரிக்கவில்லை. உன் பிடிவாதத்தில் எனக்கு அவ்வளவு கோபம். ஒரு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. அந்த ஒரு கிழமையை இப்போது எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

போன மாரியில் வந்த காய்ச்சல் ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மூன்று மாதம் கழித்துப் பெரிய பதிப்பு வந்தது. உன் வரியை அழிக்க வேண்டும். அழித்தால் அந்தப் போர்ட்டும் போய்விடும். பேணி உன் வீட்டில் இருந்தது. போய்க் கேட்கலாம். ஆனால் நீ இல்லாத வீட்டுப் படியில் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. என்ன மாறியிருக்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உன் பெயரை அப்படியே விட்டு அனுப்பினேன். பாசத்தில் செய்தேன் என்றுதான் நினைத்தேன். அது பொய். உன் பெயரை வைத்து நான் சொன்ன பொய்.

இரண்டு கிழமையில் எங்கள் பொது மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது, உனக்கு. ஏதோவொரு நாட்டின் மலைக் கிராமத்தில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர். வகுப்பில் உன்னுடையதைப் போன்ற போர்ட் பன்னிரண்டு வைத்திருக்கிறார். புதியதை எல்லாவற்றிலும் ஏற்றினாராம், ஒன்றும் எழும்பவில்லையாம். பட்டியலில் உங்கள் பெயரைக் கண்டபடியால்தான் நம்பி ஏற்றினேன், நீங்கள் பார்த்தபோது என்ன வந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்குப் போனேன். உன் அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. பேணியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அங்கேயே வயரைக் கொழுவி, புதியதை ஏற்றினேன். திரையில் இரண்டு வரி வந்து நின்றது. பழையதை ஏற்றினேன், மளமளவென்று ஓடியது. நினைவகத்துக்கான ஓர் அளவு புதிய பதிப்பில் மாறியிருந்தது. ஒருமுறை ஏற்றிப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலை, ஆசிரியரின் கடிதத்தை, நான் செய்ததை. உன் பெயர் இருந்த வரியைத் திரையில் காட்டினேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அப்ப உது என்ரை பிள்ளை பாக்கேல்லை."

"இல்லை, ஐயா."

"அவள் பாக்காததுக்கு அவளின்ரை பேர் என்னத்துக்கு? எடுத்துவிடு பிள்ளை."

எடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன், அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அளவைத் திருத்தி, மூன்று முறை ஏற்றிப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். ஆசிரியருக்கும் உள்ளதை எழுதினேன்: நீங்கள் நம்பியவர் இப்போது இல்லை, அவர் இதைப் பார்க்கவும் இல்லை, பிழை முழுவதும் என்னுடையது. பன்னிரண்டும் எழும்பிவிட்டன என்று பதில் போட்டார். உனக்காகப் பிரார்த்திப்பதாகவும் எழுதியிருந்தார்.

பேணியை என்னிடமே தந்துவிட்டார் உன் அப்பா. வெளிக்கிடும்போது ஒன்று மட்டும் கேட்டார், இனி ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகு ஒரு சொல் சொல்ல முடியுமோ என்று. ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் அறிந்தேன், போர்ட் எழும்பியதும் நீ ஒவ்வொரு முறையும் அறைக்குள் இருந்தபடி அவருக்குச் சத்தம் போட்டுச் சொல்வாயாம். எனக்கு நீ அதைச் சொன்னதேயில்லை.

இன்றும் ஏற்றினேன். கடைசி வரி வரைக்கும் ஓடவிட்டுத் தொலைபேசி எடுத்தேன்.

"எழும்பீட்டுது, ஐயா."



"ஓம் பிள்ளை," என்றார். பிறகு, "அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டார்.